சென்னியப்பன் செய்துவைத்த அறிமுகங்கள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது பூக்காரத் துளசிமணிதான், போன வருஷம் ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயிலில் கூழுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது. கையில் சொம்போடு எனக்கு முன்னால் நின்றவள் திரும்பி, "ஏனக்கா, தேங்காய் மண்டி பொங்கியண்ணனுக்கு நேத்திலிருந்து கை மூட மாட்டேங்குதாமா, கேள்விப்பட்டீங்களா?" என்றாள். "வாதமா?" என்றேன். "வாதமில்லக்கா, தானம்" என்றாள். மீதியை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். நான் பார்க்காததைத் துளசிமணி பார்த்தாள். இரண்டு பேரும் பார்க்காதது எதையும் இதில் சேர்க்கவில்லை, அம்மன் மேல் ஆணை.

சென்னியப்பன் யார் என்று பொள்ளாச்சியில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, கேட்பதற்கு முன்னால் அவரே வந்து சொல்லிவிடுவார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடியைக் கூவிக்கொண்டு போனவர், அப்புறம் கடைத் திறப்பு விழாக்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தார், அப்புறம் கல்யாண மண்டப வாசலில் நின்று பன்னீர் தெளிக்கும்போதே யார் எந்த ஊர், யாருக்கு யார் என்ன முறை, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதையெல்லாம் மனசில் ஏற்றிக்கொண்டார், அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் 'சென்னி மக்கள் தொடர்பகம்' என்று போர்டு மாட்டினார், கடைசியில் புதன்கிழமை தோறும் காலை ஆறரை மணிக்கு ஒரு ஹோட்டல் மாடியில் 'விடியல் வட்டம்' என்று வியாபாரிகளைக் கூட்டி உட்காரவைத்து, பொங்கலும் வடையும் கொடுத்து, ஆளுக்கொரு நிமிஷம் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்லவைத்தார். கை கொடுத்தால் மூன்று விநாடி பிடிக்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், பேரை இரண்டு தரம் சொல்ல வேண்டும் என்பது அவர் பாடம். அவருடைய போனில் எட்டாயிரத்துச் சொச்சம் பேர், எல்லாருக்கும் பிறந்தநாளோடு. குளிக்கப் போகும்போதுகூட, வாசலில் யாராவது புது ஆள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று துண்டில் நாலு விசிட்டிங் கார்டு முடிந்துகொண்டு போவார் என்று அவர் வீட்டுக்காரி மயிலாத்தாள் சொல்லிச் சிரிப்பாள். அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு.

அந்த ஆடி மாதத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவில் சென்னியப்பன் பொங்கியண்ணனைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போய்ச் சிறப்பு விருந்தினர் முன்னால் நிறுத்தி, "இவர் எங்க ஊரோட வாழும் வள்ளல்" என்றார். பொங்கியண்ணன் வள்ளலா என்றால், மண்டியில் தவறி விழுந்து உடைந்த காயின் தண்ணீரைக்கூடத் தூக்குப்போசியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர். ஆனால் மேடையில் அப்படிச் சொல்வதுதான் நம் வழக்கம், சால்வை போர்த்துகிற மாதிரி அதுவும் ஒரு மரியாதை, அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. பொங்கியண்ணன் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் என்றார். மறுநாள் காலையில் அவருக்கு விரல் மடங்கவில்லை. எதை எடுத்தாலும் கை அதை எதிரே நிற்கிறவரிடம் நீட்டியது. மண்டி வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு காய் கொடுத்துக்கொண்டிருந்தார், மூன்றாவது நாள் ஜனங்கள் சாக்கோடு வந்தார்கள், நாலாவது நாள் போலீஸ் வந்து கயிறு கட்டி வரிசையை ஒழுங்குபடுத்திவிட்டு, அவர்களும் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பொங்கியண்ணனின் சம்சாரம் சென்னியப்பன் காலில் விழுந்து, "வேற மாதிரி ஒருக்காச் சொல்லி மாத்தி உடுங்ணா" என்று அழுதபோது, மாட்டேன் என்றது பொங்கியண்ணன்தான். "சும்மா இரு புள்ள. முப்பது வருஷத்துல இப்பத்தான் படுத்தாத் தூக்கம் வருது" என்றார்.

அடுத்தது அர்ச்சுனன் வாத்தியார். ஓய்வு பெற்றவர். புத்தக விழாவில் அவரை "நடமாடும் நூலகம்" என்றார் சென்னியப்பன், வாத்தியார் கூச்சத்தோடு கும்பிட்டார், மறுநாளிலிருந்து அவர் பக்கத்தில் போனால் எல்லாருக்கும் குரல் தானாகத் தாழ்ந்தது, எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் முதல் வரியிலிருந்து சொன்னார், கேட்டது பதினைந்து நாள் ஞாபகத்தில் இருக்கும், அதற்குள் திரும்பப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளாவிட்டால் மறந்துபோகும், வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்கப்புறம் எங்கள் கவுன்சிலர். அவரை "வார்டின் சிங்கம்" என்றபோது ஆட்டுக்கறிக் கடைக்காரர் முதலில் சந்தோஷப்பட்டார், இரண்டு நாள் கழித்துக் கடையை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டார். வீட்டார் கெஞ்சிக் கேட்டதால், "எங்க வார்டோட தங்கம்" என்று சென்னியப்பன் மாற்றிச் சொன்னார், அதற்கும் கவுன்சிலர் எப்படியோ இரண்டு முன்னங்காலையும் கூப்பிவிட, அப்புறம் மச்சான்மார் நாலு பேரும் ராப்பகலாக அவரைவிட்டு நகரவில்லை, ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் அங்கேயே படுத்துக்கொண்டார்கள். மூன்றாவது தரம், "இவர் நம்ம கவுன்சிலருங்க, அவ்வளவுதான்" என்றார், தங்கமாய் இறுகின கை கூப்பினபடியே இருந்ததால் அதுவும் பலித்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கவுன்சிலர் வந்து எங்கள் தெருச் சாக்கடையைக் குனிந்து பார்த்தார். நடந்த அதிசயத்திலேயே பெரிய அதிசயம் அதுதான் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டோம்.

இது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எட்டு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வருகிற தெருவில் வருவதைப் பிடித்து வைப்போமே தவிர எங்கிருந்து வருகிறது என்றா கேட்போம்? ஊர் இதற்கும் ஒரு முறை வைத்துக்கொண்டது. சென்னியப்பன் ஒருவரைக் காட்டி இன்னொருவரிடம் சொல்ல வேண்டும், காட்டப்பட்டவர் கும்பிட வேண்டும், கும்பிட்டால்தான் பலிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனதால், வேண்டாத பட்டம் கிடைத்தவர்கள் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். வேண்டிய பட்டத்தைக் காகிதத்தில் எழுதி, வக்கீலிடம் காட்டித் திருத்தி, எடுத்துக்கொண்டு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கோயிலில் 'செருப்பு அணிந்து வரக் கூடாது' என்ற போர்டுக்குப் பக்கத்தில் 'யாரையும் யாருக்கும் அறிமுகம் செய்யக் கூடாது' என்று இன்னொரு போர்டு வந்தது. மேதை என்றும் மன்னன் என்றும் சக்கரவர்த்தி என்றும் எத்தனையோ எழுதிக்கொண்டு வந்தார்களே தவிர, நல்லவர் என்று எழுதிக்கொண்டு வந்தவர் ஒருத்தர்கூட இல்லை என்று அவர் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் என்னிடம் சொன்னாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது மயிலாத்தாளுக்கு வேறு ஒரே ஒரு யோசனைதான். அவள் மகள் தாரணி உடுமலையில் வாழ்க்கைப்பட்டு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பெண்ணைப் பெற்றவள் தன் கையால் ஐந்து வகைச் சோறு ஆக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், எல்லாருக்கும் போட்டு, பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து முறை. கட்டுச்சோறு என்போம். அந்தச் சோறு போகாமல் பெண் வாசல்படி தாண்ட மாட்டாள். முந்தின வருஷம் ஐந்தாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போனதிலிருந்து தாரணிக்கு நெஞ்சுக்குள் பயம். தினம் சாயங்காலம் நாலு மணிக்கு அம்மாவுக்குப் போன் பண்ணி, "நீ வர இன்னும் எத்தனை நாளும்மா?" என்று கேட்பாள். பிரசவ அறைக் கதவு வரைக்கும் கூட வருகிறேன் என்று மயிலாத்தாள் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். புரட்டாசிக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை நாள் குறித்தாயிற்று.

அதற்குப் பத்து நாள் முன்னால் சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அதிகாரி சென்னியப்பனைத் தேடி வந்தார், மேற்கு மாவட்டங்கள் அத்தனைக்கும் இவரையே மக்கள் தொடர்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று. வீட்டில் சாப்பாடு. இலையில் பதினொரு வகை. அதிகாரி பாயசத்தைக் குடித்துவிட்டு, மரியாதைக்கு, "மேடம் என்ன பண்றாங்க?" என்றார். ரசச் சட்டியோடு பக்கத்தில் நின்றவளைச் சென்னியப்பன் கையால் காட்டி, எங்கள் ஊரில் எல்லா ஆண்களும் சொல்வது போல, என் வீட்டுக்காரரும் என்னைப் பற்றிச் சொன்னது போல, "அவங்க ஒண்ணும் பண்றதில்லைங்க, வீட்லதான் இருக்காங்க" என்றார். மயிலாத்தாள் ரசச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வந்தவருக்கு மரியாதையாக, இரண்டு கையையும் கூப்பி, "வணக்கமுங்க" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது மயிலாத்தாள் ஒன்றும் செய்யவில்லை.

சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாசல் பெருக்கவில்லை, பால் காய்ச்சவில்லை, பேசவில்லை. மூச்சு வந்தது, போனது. கண் எங்களைப் பார்த்தது, பார்ப்பதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. வாயில் கரைத்து ஊற்றினால் உள்ளே போனது. நானும் துளசிமணியும் மாற்றி மாற்றிப் போய் ஊட்டிவிட்டு, தலை வாரிவிட்டு வந்தோம். சென்னியப்பன் முதல் நாள் தலைவலி என்று நினைத்தார். இரண்டாம் நாள் பதினொரு மணி வரைக்கும் காப்பிக்குக் காத்திருந்தபிறகுதான் அவருக்குத் தான் சொன்னது ஞாபகம் வந்தது.

அவர் தொழில்காரர் அல்லவா, முதலில் தொழில்முறையில்தான் பார்த்தார். 'மேடம் சிறு ஓய்வில் இருக்கிறார்கள். தங்கள் அன்புக்கு நன்றி' என்று கார்டு அடித்து வாசல் கேட்டில் மாட்டினார். அப்புறம் விடியல் வட்டத்தில் பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்து அவள் முன்னால் நிறுத்தி, குரலை உயர்த்தி, "இவர் என் மனைவி, ஓயாத உழைப்பாளி, எங்கள் குடும்ப விளக்கு" என்றார். பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். மயிலாத்தாளின் கை மடியிலிருந்து எழவில்லை. அவரே குனிந்து அந்தக் கைகளை எடுத்துச் சேர்த்து வைத்தார், விட்டதும் ஈரத்துணி மாதிரி மடியில் விழுந்தன. ஒன்றும் செய்யாதவள் எப்படிக் கும்பிடுவாள்?

துளசிமணி என் காதில், "நல்லவேளை கும்பிடலக்கா. விளக்குன்னு வேற சொல்லித் தொலைச்சாரு, கும்பிட்டிருந்தா நாம தினமும் எண்ணெய் ஊத்தித் திரி போட்டுட்டிருக்கணும்" என்றாள்.

மூன்றாம் நாள் வேறொரு தொந்தரவு வந்தது. அடுத்த தெரு ராசாமணி, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி தலை சீவிப் பூ வைத்து, வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சென்னியப்பன் முன்னால் நின்றாள்.

"ஏனுங்ணா, மயிலக்காவைச் சொன்னீங்களே ஒரு வார்த்தை, அதை அப்படியே எனக்கும் ஒருக்காச் சொல்லிருங்க. இவரு கேக்கட்டும். நான் கும்பிட்டுக்கறேன்."

"அம்மா, அது தெரியாமச் சொன்னதுங்க."

"தெரிஞ்சு ஒருக்காச் சொல்லுங்க. ஒரு ஆறு மாசத்துக்கு."

"ஆறு மாசம்னு நிறுத்தறதுக்கு என்னால முடியாதும்மா."

"அப்ப ஆயுசுக்கும் இருந்துட்டுப் போகட்டும். மாமியா, நாத்தனாரு, இவரு அக்கா வீடு, எல்லாத்துக்கும் ஆக்கிப் போட்டாச்சு. உக்காந்து பாக்கறேன், அந்த நாற்காலி எப்படித்தான் இருக்குதுன்னு."

அவள் வீட்டுக்காரர், "சார், சார், வேண்டாம் சார், பசங்களுக்குப் பரீட்சை வருது சார்" என்று கும்பிட்டார். சாயங்காலத்துக்குள் பதினோரு பெண்கள் வந்துவிட்டார்கள். வாசலுக்கு அந்தப்பக்கம் பதினோரு ஆண்கள். சென்னியப்பன் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தரை இன்னொருத்தருக்கு அறிமுகப்படுத்த மாட்டேன் என்று கதவைச் சாத்தினார்.

நாலு மணிப் போனைத் தினம் அவரே எடுத்து, அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், அம்மா குளிக்கிறாள், அம்மா ரேஷனுக்குப் போயிருக்கிறாள் என்று நாலு நாள் சமாளித்தார். ஐந்தாம் நாள் தாரணி நிறைவயிற்றோடு காரில் வந்து இறங்கினாள், முறை என்னாவது என்று மாமியார் சொல்லச் சொல்லக் கேட்காமல். அம்மா எழுந்திருக்கவில்லை. தாரணி மெல்லக் கீழே உட்கார்ந்து அம்மாவின் மடியில் தலை வைத்தாள். தலைமேல் கை வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அப்பா, அம்மாவைப் பத்தி அந்தாள்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எல்லாரும் சொல்றதுதாஞ் சாமி."

"உங்க போனைக் குடுங்க. எட்டாயிரம் பேரு இருக்காங்கல்ல, இதுல அம்மா எங்க?"

அவர் தானே தேடி எடுத்துக் காட்டினார். 'வீடு' என்று இருந்தது. பிறந்தநாள் போடுகிற இடம் காலி.

"அம்மா பொறந்தது எந்த மாசம்?"

"சித்திரை... சித்திரையில..."

"சித்திரை நீங்க பொறந்ததுப்பா" என்றாள் தாரணி. அப்புறம் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை அம்மா சோறு கொண்டு வரணும். அம்மா வராம நான் ஆஸ்பத்திரிக்குள்ள போக மாட்டேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் காரில் ஏறிக்கொண்டாள். அதில் கோபமில்லை, பயம்தான். எனக்கும் மகள்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியாதா?

சரியான குறிப்பு இல்லாமல் சரியான அறிமுகம் இல்லை என்பது விடியல் வட்டத்தில் அவர் நடத்திய பாடம். குடும்ப விளக்கு என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதால்தான் அவள் கை எழவில்லை, விவரமாகச் சொன்னால் எழும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறவர், முதல் வீட்டிலிருந்து தொடங்கி, "உங்களுக்கு எங்க வீட்டுக்காரியைத் தெரியுங்களா?" என்று கேட்டுக்கொண்டு போனார். முதல் வீட்டில் படுக்கையில் கிடக்கிற பெரியவரை, முதுகில் புண் வராமல், காலையும் மாலையும் வந்து புரட்டிப் படுக்கவைத்தது அவள். அந்தப் பக்கத்தில் வேலைக்குப் போகிற நாலு வீட்டின் சாவி அவளிடம், தண்ணீர் வருகிற அன்று நாலு வீட்டுத் தொட்டியையும் நிரப்பினது அவள். வேலித் தகராறில் ஒன்பது வருஷம் முகம் பார்க்காத அண்ணன் தம்பி குடும்பம் இரண்டையும், ஒரே ஒரு ஆட்டுக்கல்லை இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இரவல் கொடுத்துப் பேசவைத்தது அவள். அதை எழுதும்போது சென்னியப்பன் பேனாவை நிறுத்தி, "இது எம்பட தொழிலாச்சேம்மா" என்றாராம். "அவங்க தொழிலுன்னு ஒண்ணும் சொல்லலீங்களே, மாவு புளிச்சுப்போகும், சீக்கிரம் ஆட்டிட்டுக் குடுங்கன்னுதான் சொன்னாங்க" என்றாளாம் தம்பி பெண்டாட்டி.

பொங்கியண்ணன் இரண்டு தேங்காயை அவர் கையில் கொடுத்துக்கொண்டே, "எங்கை மூடாமப்போன அன்னிக்கு நான் வெக்கப்பட்டு உள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். மயிலாத்தா வந்து, 'வெக்கப்பட என்ன இருக்குதுங்ணா, குடுக்கறதுதானே, வெளிய வந்து நின்னு குடுங்க'ன்னு சொல்லுச்சு" என்றார். அர்ச்சுனன் வாத்தியார், தன்னிடம் வாங்கின புத்தகத்தைத் தேதி தவறாமல் புதுப்பிக்கிற ஒரே ஆள் அவள்தான் என்றார். துளசிமணி, "எம்பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்ததே அவங்கதானுங்க, உங்க வீட்டு மாடிப்படியிலதான் பொண்ணு பார்த்தாங்க, நீங்க அப்ப போன்ல பேசிட்டு எங்களைத் தாண்டிப் போனீங்க" என்றாள். இரண்டாவது நோட்டு தீர்ந்து மூன்றாவது நோட்டு வாங்கினார். புதன்கிழமை விடியல் வட்டத்துக்கு அவர் போகவில்லை.

வியாழக்கிழமை காலையில் எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் அந்த வீட்டு அடுப்படியில் இருந்தோம். பெற்றவள் கை படாவிட்டாலும் சோறாவது போகட்டும் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கிண்டினோம், ஆளாளுக்கு ஒரு பக்குவம் சொன்னோம், உப்புக்கு ஒரு சண்டை, புளிக்கு ஒரு சண்டை. பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது, கார் வாசலில் நிற்கிறது. சென்னியப்பன் வெள்ளைச் சட்டை போட்டு, மயிலாத்தாள் முன்னால் நின்று, மூன்று நோட்டையும் முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் படித்தார். கரண்டியோடு நின்று கேட்டவர்களில் பாதிப்பேர் அழுதோம். நான் மனசுக்குள் அம்மனுக்குக் காசு முடிந்து வைத்துக்கொண்டே இருந்தேன். படித்து முடித்து அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கை மடியிலேயே இருந்தது.

மணி பத்து பத்து. நோட்டை நாற்காலிக் காலடியில் வைத்துவிட்டு அந்த மனுஷன் தரையில் உட்கார்ந்தார். அவரைத் தரையில் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.  அப்புறம் எங்கள் பக்கம் திரும்பாமல், அவளைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மயிலு, நான் சென்னியப்பன். இருபத்தெட்டு வருஷமா உன்னோட ஒரே வீட்ல இருக்கேன். உன்னைப் பத்தி ஒண்ணும் தெரியாதவன்."

சொல்லிவிட்டுத் தானே இரண்டு கையையும் கூப்பினார்.

என்ன ஆகப்போகிறதோ என்று நாங்கள் அவரையே பார்த்தோம், ஏனென்றால் அவர் வாயால் சொல்லிக் கும்பிட்டால் பலிக்கும், இருக்கிற கொஞ்சநஞ்ச ஞாபகமும் போய், யார் இந்தப் பொம்பளை என்று கேட்பாரோ என்று எனக்குப் பயம். ஒன்றும் ஆகவில்லை. அவர் அப்படியேதான் இருந்தார். அந்த ஆடியிலிருந்து அவர் செய்த அறிமுகங்களில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது அது ஒன்றுதான்.

அப்போதுதான் நாற்காலியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் விக்கல் மாதிரி, அப்புறம் தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு மயிலாத்தாள் சிரித்தாள். சிரிப்பு ஒருத்தர் செய்வதா, தானாக வருவதா என்று படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்; எனக்குத் தெரிந்தவரை யாரும் முடிவு பண்ணிச் சிரிப்பதில்லை. ஒன்றும் செய்யாதவள் என்ற கட்டு அந்த வழியை அடைக்க மறந்துவிட்டது போலிருக்கிறது.

"இதைச் சொல்றதுக்கு மூணு நோட்டுங்களா?" என்றாள்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கும்பிட்டதற்குப் பதிலுக்குத் தன் கையையும் எடுத்துக் கூப்பினாள். "வணக்கமுங்க. நான் மயிலாத்தா" என்றாள். அதோடு ஒரு பட்டமும் சேர்க்கவில்லை. அடுத்த நொடி முகத்தைத் தூக்கி அடுப்படிப் பக்கம் மோப்பம் பிடித்து, "எவடி அது, புளிச்சோத்துக்கு இத்தனை வெல்லம் போட்டது? ராசாமணியா? தள்ளு, தள்ளு அந்தப்பக்கம். சம்பந்தியூட்ல எம்மானத்தை வாங்கறதுக்கா?" என்று கத்திக்கொண்டே எழுந்து ஓடினாள். பத்து மணி இருபத்தெட்டு நிமிஷத்துக்கு ஐந்து தூக்கும் காரில் ஏறியது. அவளும் ஏறினாள். சென்னியப்பன் முன் சீட்டில் உட்காராமல், தூக்குச் சாயாமல் பிடித்துக்கொண்டு பின்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினேழாம் நாள் தாரணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம், மயிலாத்தாள் பிரசவ அறைக் கதவு வரைக்கும் கூடப் போனாள், கதவுக்கு இந்தப்பக்கம் சென்னியப்பன் யாருக்கும் கார்டு கொடுக்காமல் ஒரு மூலையில் நின்றார்.

அதற்கப்புறம் அவர் தொழில் முன்னைப் போல இல்லை. யாரை யாருக்குக் காட்டினாலும், "இவர் பேரு இது, இந்த வேலை செய்யறாருங்க" என்பதற்கு மேல் அவருக்கு நாக்கு எழவில்லை. பேரையும் வேலையையும் மட்டும் சொல்ல மக்கள் தொடர்பு எதற்கு? விடியல் வட்டத்தார் உடுமலையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். அவர் எல்லாரையும் இமயம் என்கிறார், சிகரம் என்கிறார், ஒன்றும் பலிப்பதில்லை, இதுவரை யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. பொங்கியண்ணன் இன்றைக்கும் கொடுக்கிறார். வாத்தியாரிடம் வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த ஒரு வார்த்தையை மட்டும், ஒண்ணும் பண்றதில்லை என்பதை, எங்கள் ஊர் ஆண்கள் யாரும் யாரைப் பற்றியும் வாயில் எடுப்பதில்லை. மரியாதை வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பயம்.

கார்த்திகை மாதம் கோயிலில் வைத்து மயிலாத்தாளைக் கேட்டேன், அந்தப் பத்து நாளும் எப்படியடி இருந்தது என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாரணி நெனப்பு மட்டும் உறுத்தலைன்னா, நல்லாத்தாங்க்கா இருந்துச்சு" என்றாள். "யாரோ கட்டிப் போட்டு உக்காந்ததை, இனி நானே வாரத்துல ஒருநாள் உக்காரலாம்னு இருக்கேன்." செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொண்டாள். முதல் செவ்வாய் அவள் மட்டும் உட்கார்ந்தாள், இரண்டாவது செவ்வாய் ராசாமணி, பொங்கலுக்குள் தெரு முழுக்க. செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தால் ஆண்கள் பிடிக்கிறார்கள், கொஞ்சம் கீழே சிந்துகிறது, உலகம் ஒன்றும் முழுகிப் போகவில்லை. நானும் தை மாதத்திலிருந்து சாமி விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நீங்கள் வெயிலில் வந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. பால் அடுப்பு மேடையில் இருக்கிறது, காப்பித்தூள் நீல மூடி போட்ட டப்பாவில். நீங்களே கலந்து குடியுங்கள். வரும்போது எனக்கும் அரை டம்ளர், சர்க்கரை போடாமல், கொண்டுவந்து கொடுங்கள்.